பத்து நகமும் ஒரு பேரும்

மாலைச் செய்தி பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்தக் கதையில் வரும் மருமகளைப் பார்த்திருப்பீர்கள். பார்த்த ஞாபகம் இருக்காது. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தெரியும். அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கைகளை அசைத்துக்கொண்டிருப்பாள். காது கேளாதவர்களுக்காகச் செய்தியைச் சைகை மொழியில் சொல்கிறவள் அவள்தான். அந்தப் பெட்டியின் மேலேயே ஓடும் செய்திகளுக்கென்று ஒரு பட்டையும் போகும். தங்கம் விலை, மழை, எங்கோ கவிழ்ந்த லாரி எல்லாம் அதில் ஓடும். அந்தப் பட்டை அவள் கையை மணிக்கட்டோடு விழுங்கிவிடும். கையால் பேசுகிறவளின் கையை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டுகிற புத்திசாலிகள் நடத்தும் நிலையம் அது.

எட்டு வருடமாக இதைப் பற்றி முறையிட்டுவருகிறாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவள் மாமியார் சண்டைக்கு வருவார். ஆனால் காது நன்றாகக் கேட்கிற அதிகாரிகளின் காதில் சங்கு ஊதிப் பார்த்திருக்கிறீர்களா? அது அதைவிட மோசம்.

தெருவில் அவளுக்கு ஒரு மாதிரிப் புகழ் உண்டு. "நீங்கதானே அந்தப் பொட்டிக்குள்ள கொசு ஓட்டுறவங்க?" என்று மளிகைக்கடைக்காரர் ஒருமுறை அன்பாக விசாரித்தார். ஆமாம் என்று சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வது?

கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய பிழைப்பு முழுக்க வாய்ப்பேச்சுதான். ஒரு குளிர்சாதனப்பெட்டி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், தொலைபேசியைக் காதில் மாட்டிக்கொண்டு பகல் முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. அப்படிப்பட்டவளுக்கு, பிறவியிலேயே காது கேளாத மாமியார் அமைந்தார். தோழிகள் வயிறெரிந்தார்கள். "கொடுத்து வெச்சவடி நீ! திட்டாத மாமியார் யாருக்குக் கிடைக்கும்?"

கல்யாணமான அதே வாரம் மாமியார் சமையலறை வாசலில் நின்று, இரண்டு கையாலும் இரண்டு புருவத்தாலும் திட்டினார். அச்சகத்தில் முப்பது வருடம் புத்தகம் தைத்த கை. அதன் வேகத்துக்குக் கண் ஓட முடியவில்லை. மருமகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திட்டு என்பது மட்டும் சந்தேகமில்லாமல் விளங்கியது.

"என்னங்க சொல்றாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டிருக்காங்க" என்றான் கணவன். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற ஆண்பிள்ளை வேறு என்ன சொல்வான்? அவனும் உயிரோடு இருக்க வேண்டாமா?

அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாள். உலகத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ உயர்ந்த நோக்கத்துக்காகப் புதிய மொழி கற்றிருக்கிறார்கள். மருமகள் கற்றது எதிர்த்துப் பேச. வகுப்புக்குப் போனாள், கண்ணாடி முன் பழகினாள், குளியலறையில்கூடக் கையை ஆட்டினாள். அவள் தன் மாமியாரிடம் சைகையில் சொன்ன முதல் முழு வாக்கியம், "உப்பு சரியாத்தான் போட்டேன்" என்பது. மாமியார் ஒரு நிமிடம் வாயடைத்து, அதாவது கையடைத்து, நின்றார். பிறகு சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் சரிசமமாகச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். கற்ற வித்தை பிறகு சோறும் போட்டது; அதுதான் தொலைக்காட்சி வேலை.

எல்லாம் நல்லபடிதான் இருந்தது. ஒரே ஒரு குறை. மருமகளுக்குப் பேர் இல்லை.

கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் கையால் ஒரு பேர் வைத்துக்கொள்வார்கள். வாயால் கூப்பிடும் பேர் அவர்களுக்கு எதற்கு? முகத்தில், உடம்பில், பழக்கத்தில் எது கண்ணில் படுகிறதோ அதுவே பேர். தயவு தாட்சண்யம் கிடையாது. மருமகளின் கணவனுக்குத் தாடையில் ஒரு குழி. அங்கே விரலால் குத்திக் காட்டினால் அவன். கேளாதோர் சங்கத்தின் பொருளாளருக்கு மூக்கிலிருந்து முடி எட்டிப் பார்க்கும்; மூக்கடியில் இரண்டு விரலை ஆட்டினால் அவர். பூனைக்கு ஒடிந்த வால். ஒருநாள் மின்விசிறி மாட்ட வந்து ஸ்டூலிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியனுக்குக்கூட, அவன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு எழுவதற்குள் ஒரு பேர் கிடைத்துவிட்டது.

மருமகளைக் குறிப்பிட வேண்டுமானால் மாமியார் இரண்டு சைகை செய்வார். 'மகன்', 'மனைவி'. அவ்வளவுதான். சங்கத்திலும் அதே கதைதான்: 'அந்தம்மாவின் மகனின் மனைவி.' அவர்களுடைய கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் கூடவே போய் மொழிபெயர்த்தவள், எட்டு வருடமாகத் தினமும் அவர்கள் வீட்டுத் திரையில் தோன்றுகிறவள், ஆனாலும் முகவரி மாதிரி ஒரு விளக்கம்தான் அவளுக்கு. காது கேட்கிற ஒருத்திக்கு அவர்கள் பேர் வைத்துவிட்டால் நம்மாள் என்று ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பேரைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. கேட்டு வாங்குவதும் அசிங்கம். அது தெரிந்தும், மனசு தாங்காமல் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அத்தை, எனக்கு ஏன் யாரும் பேர் வைக்கலை?"

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வைக்கிறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கையை விரித்தார்.

மருமகள் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். நியாயமான கேள்விதான். மச்சம் இல்லை, தழும்பு இல்லை, தெத்துப்பல் இல்லை. மூக்கு சராசரி. நடை சராசரி. கடவுள் அவளை அவசரத்தில் செய்து அனுப்பியிருந்தார். அன்று அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அழகு இல்லையே என்று அழுத பெண்கள் உண்டு. அடையாளமாக ஒரு கோணலும் இல்லையே என்று அழுதவள் இவள் ஒருத்திதான்.

கடவுள் கொடுக்காததைக் கடையில் வாங்கலாம் என்று பிறகு தோன்றியது. சங்கத்தின் ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் கூடுகிற நாள். ஊர்வம்பும் பட்டப்பேர்களும் பிறக்கிற நாள். அன்றைக்கு எல்லோர் கண்ணும் எங்கே இருக்கும்? பேசுகிற கையில். கையில் எது பளிச்சென்று தெரியும்? நகம். 'செக்கச்சிவந்த நகத்துக்காரி' என்று ஒரு பேர் விழுந்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! மூக்குமுடிக்கும் ஒடிந்த வாலுக்கும் நடுவில் ராணி மாதிரி இருக்கலாம்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த நக அலங்காரக் கடைக்குப் போனாள். அங்கே இருந்த பெண், சாதாரணப் பூச்சு இரண்டு நாளில் உரியும் என்று சொல்லி 'டிப் பவுடர்' போடச் சொன்னாள். நகத்தில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, விரலை ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் வண்ணப்பொடிக்குள் முக்கி, தட்டி, மறுபடியும் பசை, மறுபடியும் பொடி. கடைசியில் இறுகவைக்க ஒரு தண்ணீர், அதன்மேல் ஒரு பளபளப்பு. முடிந்தபோது பத்து விரலிலும் பழுத்த மிளகாய் முளைத்திருந்தது.

"மூணு வாரத்துக்குக் கல்லு மாதிரி நிக்கும்க்கா. சுத்தியால அடிச்சாலும் போகாது" என்றாள் அந்தப் பெண்.

போகாது என்பதில்தான் வில்லங்கமே இருந்தது. சைகை மொழி சொல்கிறவர்கள் நகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு திரையில் வரக்கூடாது. பார்க்கிறவர்களின் கண் சொல்லை விட்டுவிட்டு நகத்தின் பின்னால் ஓடும். நிலையத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. அதைக் கொண்டுவந்தவளே மருமகள்தான். அவளுக்கு விடுப்பென்றால் பெட்டிக்குள் நிற்க வரும் பெண்ணை, போன வருடம் வெளிர் ஊதா பூசியதற்காக ஒரு மணி நேரம் நிற்கவைத்து உபதேசித்தவளும் அவள்தான். ஆசை வந்தால் உபதேசம் ஊருக்குத்தானே?

செய்தி ஆசிரியருக்கு நிலையத்தில் 'அவசரம்' என்று பட்டப்பேர். தேநீர் வருவதைக்கூட அவசரச் செய்தியாகத்தான் அறிவிப்பார். அவர் அவள் கையைப் பார்த்து அலறிவிட்டார்.

"என்ன மேடம் இது, கொலை பண்ணிட்டு நேரா வந்த மாதிரி? விதி போட்டதே நீங்கதானே!"

"மறைச்சுடுறேன் சார். பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்து, கடைப்பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, இது மேல சாதாரண நெயில் பாலிஷ் போடலாமா?"

"தாராளமா போடலாம்க்கா. கை கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சுட்டு, மெல்லிசா ரெண்டு கோட்டிங் குடுங்க. ஆனா எடுக்கும்போதுதான் சூதானம். அசிட்டோன் இல்லாத ரிமூவர்னு கேட்டு வாங்குங்க. அசிட்டோன் பட்டு ஊறிச்சுன்னா கீழ இருக்கிற பவுடரும் சேர்ந்து கரைஞ்சு, பிசின் மாதிரி ஆயிடும்."

அன்றிலிருந்து மருமகள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தாள். மதியம் தோல் நிறப் பூச்சைப் பூசிக்கொண்டு நிலையத்துக்குப் போவாள். செய்தி முடிந்ததும் அசிட்டோன் இல்லாத ரிமூவரால் பொறுமையாகத் துடைத்து, சிவப்பை வெளியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வந்ததும் மாமியார் கண்ணெதிரே காய் நறுக்குவாள், துணி மடிப்பாள், தேவையில்லாமல் ஜன்னலைச் சுட்டிக்காட்டுவாள்.

மாமியார் கவனிக்காமல் இல்லை. "மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்ள கைய விட்டியா?" என்று கேட்டார். மருமகள் விரல்களை இன்னும் நன்றாக விரித்துக் காட்டினாள். பேர் வரப்போகிறது! "நீ பேசுறப்ப கண்ணைக் குத்துது. பேச்சைப் பார்க்கிறதா, நகத்தைப் பார்க்கிறதா?" என்று முடித்துவிட்டுப் பூனையைத் தேடிப் போய்விட்டார். மறுநாள் வேறு புகார். "டிவியில உன் கை மேல வந்தப்ப பார்த்தேன். நகமெல்லாம் கன்னிப்போன மாதிரி இருக்கு. கதவிடுக்குல வெச்சுக்கிட்டியா?" சிவப்பின் மேல் தோல் நிறத்தைப் பூசினால் அப்படித்தான் தெரியும். இந்த நிறத்துக்காகவா இந்தப் பாடு என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

ஆண்டுவிழா நாளில் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் கேளாதோர் நலனுக்காக நேரலையில் உரையாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. சங்கத்தின் கூடத்தில் பெரிய தொலைக்காட்சி வைத்து, எல்லோரும் சேர்ந்து உரையைப் பார்த்துவிட்டு விழாவைத் தொடங்குவதாக ஏற்பாடு. மருமகள் உரையை மொழிபெயர்த்துவிட்டு நேராக அங்கே போக வேண்டும். தலைவரின் உரை என்பதால் நிலையத்துக்கு எங்கிருந்தோ அக்கறை பொங்கியது. பெட்டியைப் பெரிதாக்கினார்கள். ஓடும் பட்டையை எடுத்துவிட்டார்கள். எட்டு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய கை முழுசாகத் தெரியப்போகிறது.

அன்று மதியம் பூசிய பூச்சு, நிலையத்தின் கனத்த கதவைத் தள்ளியதில் நாலு விரலில் இழுபட்டுவிட்டது. ஒப்பனை அறையில் போய் உட்கார்ந்தாள். செய்தி வாசிப்பவரின் டோப்பாவைச் சீவிக்கொண்டிருந்த ஒப்பனைக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கா கவலைப்படுறீங்க? ரெண்டு நிமிஷத்துல துடைச்சுப் புதுசா போட்டு விட்டுர்றேன், கைய நீட்டுங்க" என்றார். அதே நேரம் அவசரம் ஓடிவந்து, தலைவரின் உரைப் பிரதியை அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். இதைப் படிச்சுக்கோங்க, இந்த வார்த்தைக்குச் சைகை இருக்கா, அந்த வார்த்தைக்கு என்ன செய்வீங்க என்று ஒரே குடைச்சல். மருமகள் பிரதியைப் பார்த்தாளே தவிர, தன் கையைப் பார்க்கவில்லை.

ஒப்பனைக்காரர் எடுத்தது, டோப்பா பசையை எடுக்க வைத்திருந்த சீசா. சுத்தமான அசிட்டோன். பஞ்சை அதில் நனைத்து ஒவ்வொரு நகத்திலும் ஒவ்வொரு கவளம் வைத்து அழுத்தினார். நல்லவர், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு டோப்பாவைப் பார்க்கப் போய்விட்டார். வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் மருமகள் குனிந்து பார்த்தாள். பஞ்சை இழுத்தாள். பாதி வந்தது. மீதி, பிசினாகிப்போன சிவப்பில் ஒட்டிக்கொண்டு, நகத்துக்கு நகம் வெள்ளைத் தாடி வளர்ந்த மாதிரி நின்றது. பிய்க்கப் பிய்க்க இன்னும் பரவியது.

"நேரலை! நேரலை! உள்ள வாங்க!" என்று அவசரம் கத்தினார்.

மாற்று ஆள் விடுப்பில். அவள் பத்துப் பஞ்சுக் கொத்துகளோடு போய்க் காமிரா முன் நின்றாள்.

தலைவர் உருக்கமாகத் தொடங்கினார். "காது கேளாத என் சொந்தங்களே!" அதற்குரிய சைகை, காதைத் தொட்டுக் காட்டுவது. தொட்டாள். கையை எடுத்தபோது ஒரு கொத்துப் பஞ்சு காதிலேயே தங்கிவிட்டது. தலைவருக்கு அந்த விளியின் மேல் அப்படி ஒரு காதல். மூச்சுக்கு மூச்சு காது கேளாத சொந்தங்களே, காது கேளாத சொந்தங்களே என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் காதில் கொஞ்சம் பஞ்சு ஏறியது. வலது காது நிரம்பியதும் பதற்றத்தில் இடது கையால் தொட்டாள். இடது காதும் நிரம்பத் தொடங்கியது. திட்டங்கள் தீட்டப்படும், குழுக்கள் அமைக்கப்படும், அவை விரைவில் பரிசீலிக்கும், ஆவன செய்யப்படும் என்று தலைவர் அடுக்கிக்கொண்டே போனார். அத்தனையையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டே, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றாள் மருமகள். உரை முடிந்து வணக்கம் சொன்னபோது நகத்தில் பஞ்சு கொஞ்சம்தான் மிச்சம்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். தொலைபேசி அடித்தது. தலைவரின் அலுவலகம். அவசரம் ஓடிப்போய் எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சாம் மேடம்! காதுல ஏதோ வெள்ளைப் பூ வெச்சிருந்தீங்களாமே, சமாதானத்துக்கு அடையாளமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். இனிமே முக்கியமான உரைக்கெல்லாம் வெச்சுடலாமா?"

காது கேட்கிற உலகம் அவ்வளவுதான் பார்த்திருந்தது. ஆனால் மருமகளுக்குப் பயம் அந்த உலகத்தைப் பற்றி இல்லை. சங்கத்தின் கூடத்தில் அத்தனை பேரும் பெரிய திரையில், பட்டை இல்லாமல், அவள் கையை மட்டுமே பார்த்திருப்பார்கள். அவர்கள் கண்ணிலிருந்து என்ன தப்பும்? ராணியாகப் போக நினைத்த இடத்துக்குக் கோமாளியாகப் போக வேண்டியிருந்தது. போகாமல் விட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? காதைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம், அவர்களிடையே இருந்த எட்டு வருட மரியாதையையும் இன்று தொலைத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அந்தக் கூடத்தில் கையைப் பைக்குள் விடுவது வாயைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கதவருகே இருந்த யாரோ விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அங்கே அப்படித்தான் செய்வார்கள். திரும்பினார்கள். பிறகு கூடமே வெடித்துச் சிரித்தது. தங்கள் சிரிப்பின் சத்தம் தங்களுக்கே கேட்காதவர்கள், கூச்சமில்லாமல் சிரித்தார்கள். நாற்காலியில் தட்டினார்கள், தரையை உதைத்தார்கள். பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"பேச்சு முழுக்க ஒண்ணுமே இல்லைன்னு எங்களுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. ஆனா காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டே அதைச் சொன்ன பாரு, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்று அவர் கை பறந்தது.

"ஐயோ, வேணும்னு செய்யலைங்க! நகத்துல ஒட்டிக்கிச்சு!" என்று பையிலிருந்து கையை எடுத்துக் காட்டினாள். சிவப்பும் வெள்ளையும் கலந்து, அம்மிக்கடியில் மாட்டிய கை மாதிரி இருந்தது. அதற்கும் சிரித்தார்கள். யாரும் நம்பியதாகவும் தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி, பின்வரிசைக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளைக் குவித்துக் காதருகே கொண்டுபோய்ப் பொசுக்கென்று விரித்தாள். அதைத் தொடர்ந்து, 'வந்தாச்சு, அவளுக்கு ஒரு நாற்காலி போடு.' ஜன்னலோரத்திலும் அதே குவிந்த விரல், காதருகே, விரிப்பு. 'டீ குடிச்சாளான்னு கேளு.' யாரும் சிரிக்காமல், சாதாரணமாக, ஒருவரைக் குறிப்பிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மாமியாரிடம் போனாள். "அத்தை, அது என்ன? பேரா?"

"ஆமா."

"நீங்க வெச்சீங்களா?"

"நான் எதுக்கு வைக்கணும்? நீ டிவியில நின்னுட்டு இருக்கும்போதே பேர் கூடத்தைச் சுத்தி வந்துடுச்சு."

"வேண்டாம் அத்தை. பஞ்சுக்காதுக்காரின்னு ஒரு பேரா? அழகா செவப்பு நகம்னு..."

"செவப்பு நகம் கடையில கிடைக்குது. யார் வேணா வாங்கிக்கலாம்" என்றார் மாமியார்.

அந்த நேரம் பார்த்து, பஸ் தவறித் தாமதமாக வந்த கிழவர் ஒருவர், மாமியாரின் பழைய அச்சகத் தோழர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருமகளைக் காட்டி, யார் இது என்று புருவத்தைத் தூக்கினார். மருமகள் மாமியாரின் கையையே பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து பார்த்துப் பழகிய அந்த இரண்டு சைகைக்காகக் காத்திருந்தாள்.

மாமியார் 'மகன்' என்று சொல்லவில்லை. 'மனைவி' என்றும் சொல்லவில்லை. விரலைக் குவித்துக் காதருகே கொண்டுபோனார், விரித்தார். அதோடு கையை மடியில் வைத்துக்கொண்டார். கிழவர் மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். தாமும் அதே சைகையைச் செய்து, "உட்காரு" என்றார்.

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

மாமியார் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, தன் கைக்குட்டையை எடுத்தார்.

"தொடாதே. கண்ணுலயும் ஒட்டிக்கும். அப்புறம் பேரை மாத்த வேண்டியதாயிடும்."